கோதெட்சு கையொப்பம்: தண்டை நம்புவதா, அலகை நம்புவதா?

உலைமுகம்:
ஏலத்துக்கு வரவிருக்கும் கத்தானா என்ற ஜப்பானிய வாள் ஒன்றின் தண்டில், அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியில், 'நாகசோனே கோதெட்சு நியூதோ ஒகிசாதோ' என்று பொறிக்கப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டில் கவசத் தொழிலை விட்டு வாள் செய்ய வந்த கோதெட்சு என்ற இந்தக் கொல்லரின் பெயரைக் கண்டாலே போலி என்று எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பானியச் சேகரிப்பாளர்களிடையே வழங்கும் பேச்சு. இந்த அவநம்பிக்கை அளவு கடந்தது என்பது என் கருத்து. ஐயத்துக்கு இடமில்லாத கோதெட்சு கையொப்பங்களின் மைப்படிகள், அதாவது தண்டின் மேல் தாளை வைத்து மையால் எடுத்த படிகள், நிறையவே வெளியாகியுள்ளன. உளி எந்தக் கோணத்தில் இறங்கியது, எந்தக் கோட்டில் அழுத்தம் கூடியது, எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடப்பட்டது என்பனவற்றைப் பொறுமையாக ஒப்பிட்டால் அசலைப் பிரித்தறிய முடியும்.

அலகுநோக்கி:
நண்பரே, நீங்கள் ஒப்பிடும் அதே மைப்படிகளைத்தான் போலி செய்தவர்களும் வைத்திருந்தார்கள். எடோ ஆட்சிக் காலத்தின் (1603–1868) இறுதியில் வாழ்ந்த காஜிஹெய், தைகெய் நவோதானே என்ற கொல்லரின் வழியில் பயின்ற தேர்ந்த கொல்லர். தாம் வெட்டிய போலிக் கையொப்பங்களின் படிகளையே தொகுத்து வைத்திருந்தவர். அத்தகைய கைக்கு எழுத்தின் வடிவம் ஒரு தடையே அன்று. ஆகவே முதலில் அலகைப் பார்த்து, எஃகின் இழை, வெப்பப் பதத்தில் உருவான விளிம்புக் கோலம், முனையின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு காலத்தையும் பள்ளியையும் முடிவு செய்த பிறகே தண்டைப் பார்க்க வேண்டும். பெயரை முதலில் படித்தவரின் கண், அதன் பிறகு அலகில் அந்தப் பெயருக்கான சான்றுகளை மட்டுமே தேடும்.

உலைமுகம்:
எழுத்தின் வடிவத்தை மட்டும் நான் சொல்லவில்லை. உளி இரும்பைக் கிழிக்கும்போது கோட்டின் ஓரத்தில் மெல்லிய மேடு எழும். நூற்றாண்டுகளாகப் பிடிக்குள் சென்று வந்த தண்டில் அது மழுங்கிப் படிந்திருக்கும். கோட்டின் அடியில் உள்ள துரு, சுற்றியுள்ள பரப்பின் ஆழ்ந்த கருமையோடு ஒன்றியிருக்க வேண்டும். பழைய துருவின் மீது பிற்காலத்தில் வெட்டிய கோடு அந்தத் துருவை உடைத்துக்கொண்டு செல்வது உருப்பெருக்கியில் தெரியும். அமிலம் தடவி உண்டாக்கிய துரு செம்மை கலந்து, திட்டுத்திட்டாக நிற்கும். அரத் தடங்களையும் கவனிக்க வேண்டும்: தண்டை அரத்தால் முடித்த பிறகே கொல்லர் பெயரைப் பொறிப்பார் என்பதால், எழுத்தின் மேல் அரத் தடம் ஓடினால் தண்டு பின்னர் திருத்தப்பட்டது என்று பொருள்.

அலகுநோக்கி:
துருவைப் பற்றிச் சொன்னது சரி. அது பிற்காலத்தில் வெட்டியதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அக்காலத்திலேயே வெட்டிய போலியைக் காட்டாது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் பொறித்த பொய்ப்பெயருக்கும் முன்னூறு ஆண்டுத் துரு ஏறியிருக்கும் அல்லவா? மறுபுறம், ஹொரிகாவா குனிஹிரோவின் பட்டறையைப் போன்ற பெரிய இடங்களில் மாணவர்கள் ஆசிரியரின் ஒப்புதலோடு அவர் பெயரைப் பொறித்ததும் உண்டு. கை வேறு என்றாலும் அவற்றைப் போலி என்று ஒதுக்குவதில்லை. ஒரு வாளின் அசல் கையொப்பமுள்ள தண்டை வேறோர் அலகோடு ஒட்டவைத்த வேலைகளும் நடந்திருக்கின்றன. அங்கே உங்கள் ஒப்பீடு முழு மதிப்பெண் பெறும், வாளோ வேறு.

சாணைக்கல்:
இருவரும் தனித்தனியே வைத்துப் பேசும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க கோதெட்சுவே நல்ல எடுத்துக்காட்டு. தம் பெயரின் முதல் எழுத்தான, 'புலி' என்று பொருள்படும் எழுத்தின் கடைசிக் கோட்டை முற்காலத்தில் சுண்டி மேலே வீசினார். சுமார் 1664 முதல் பெட்டி போல் மூடிய வடிவத்தில் எழுதினார். முற்கால அலகுகளில் சுரைக்காய் போன்ற பெரிதும் சிறிதுமான வளைவுகள் இணைந்த விளிம்புக் கோலம் மிகுதி. பிற்காலத்தில் ஜபமாலை மணிகளைக் கோத்தது போன்ற கோலம் வருகிறது. வீசிய எழுத்தும் ஜபமாலைக் கோலமும் ஒரே வாளில் இருந்தால் நான் உடனே நின்று யோசிப்பேன். ஷின்சென்குமி படைத் தலைவர் கோண்டோ இசாமி 1864 இல் கியோத்தோவின் இகெதாயா விடுதித் தாக்குதலில் ஏந்திய 'கோதெட்சு' உண்மையில் 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர் கியோமாரோவின் வாள் என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன், யாராவது அதை இழுப்பதற்கு முன்.

உலைமுகம்:
காலப் பொருத்தம் என்ற அளவுகோலை ஏற்கிறேன். ஆனாலும் அதை முதலில் தருவது எழுத்துதான். எந்தப் பக்கத்தில் பொறித்திருக்கிறது என்பதும் அப்படியே. ஹிசென் மாநிலக் கொல்லர் தாதாயோஷியின் வழியினர் நீண்ட கத்தானாவிலும், வெட்டும் விளிம்பு கீழ்நோக்கத் தொங்கவிடும் பழைய வாளான தாச்சியின் முறைப் பக்கத்தில்தான் பொறித்தார்கள். வழக்கமான பக்கத்தில் தாதாயோஷியின் பெயரைக் கண்டால், அலகை உருவிப் பார்க்குமுன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது.

அலகுநோக்கி:
எச்சரிக்கைக்கு அது உதவும்; ஏற்பதற்கு உதவாது. கையொப்பத்தால் ஒரு வாளை விலக்கலாம், கையொப்பத்தால் மட்டும் ஒரு வாளை ஏற்க முடியாது என்பதே என் நிலைப்பாடு. 1948 இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டில், அலகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையொப்பம் போலி என்று கருதப்பட்டால் சான்றிதழ் கிடைக்காது. அதனால் பலர் பெயரை அரத்தால் அழித்து, கையொப்பமற்ற வாளாக மறுபடி அனுப்புகிறார்கள்.

சாணைக்கல்:
அந்த வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். இன்றைய தீர்ப்பு நாளை மாறினால் அழித்த எழுத்து திரும்ப வராது. போலி வெட்டிய கையும் அந்த வாளின் வரலாற்றில் ஒரு பகுதி. ஏல வாளைப் பொறுத்தவரை, தண்டின் படங்களை மட்டும் பெரிதாகத் தந்துவிட்டு அலகைத் தொலைவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். விளிம்புக் கோலம் தெளிவாகத் தெரியும் படங்களைக் கேட்டு வாங்கும்வரை விலை பேச வேண்டாம்.