பழைய காரின் முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது: அதிக வாட் பல்பு போடலாமா?

கேள்வி
என்னிடம் இருப்பது 18 ஆண்டுகள் ஓடிய கார். தெருவிளக்கு இல்லாத சாலையில், அதுவும் மழையில் தார் கறுத்துக் கிடக்கும்போது, ஓரமாக நடந்து வருபவர் மிக நெருங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறார். எச்4 ஹாலஜன் பல்புகளை (ஹை பீம் 60, லோ பீம் 55 வாட்) புதிதாக மாற்றியும் வெளிச்சம் மஞ்சளாகவே இருக்கிறது. 100/90 வாட் போடச் சொல்கிறார் ஒருவர். எல்இடி போடச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில் 1
இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். புதிய பல்பே மஞ்சளாக எரிகிறதென்றால், அதற்கு உரிய வோல்டேஜ் போய்ச் சேரவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, லோ பீமைப் போட்டு, பேட்டரி முனைகளிலும் பல்பின் கனெக்டரிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மிக வேகமாகச் சரியும். என் காரில் பேட்டரியில் 13.6, பல்பில் 11.6 என்று காட்டியது. கேட்பதற்கு இரண்டே வோல்ட்தான், ஆனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அதிலேயே போய்விட்டிருந்தது.

பல பழைய வண்டிகளில் இரண்டு பல்புகளுக்குமான 9 ஆம்பியர் அளவு மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே போகிறது. காலப்போக்கில் அதன் உள்முனைகள் கருகிவிடும். 100/90 வாட் போட்டால் அதே வழியில் இன்னும் அதிக மின்னோட்டம் ஓடி, இழப்பும் கூடும், ஹோல்டரும் உருகக்கூடும்.

பதில் 2
விளக்கின் முன்கண்ணாடியையும் பாருங்கள். அந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் 800, 1500, 3000 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். மேலே புறஊதாக் காப்புப் பூச்சு தராவிட்டால் விரைவிலேயே மறுபடி மஞ்சளித்துவிடும். உள்ளே ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போயிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை; துணியால் துடைத்தால் எஞ்சிய பூச்சும் வந்துவிடும். அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது என்பதால், எல்இடி போட்டால் பெரும்பாலும் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அது நம் வசதிக்காகப் பிறரை ஆபத்தில் தள்ளுவதாகும்.

கேட்டவர்
கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது. பேட்டரியில் 13.8, வலப்பக்க பல்பில் 12.0, இடப்பக்கத்தில் 11.2. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் (மின்னோட்டம் பாடி வழியாகத் திரும்பும் முனை) இடையே வலப்பக்கம் 0.1, இடப்பக்கம் 0.9 காட்டுகிறது.

பதில் 1
அப்படியானால் இடப்பக்க எர்த் கெட்டிருக்கிறது. அந்த வயர் பாடியில் பிணைந்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் பளிச்சென்று சுரண்டி, இறுக்கிவிட்டு, சிறிது கிரீஸ் தடவுங்கள். எர்த் இழப்பைக் கழித்தால் இருபக்கமும் சமமாக 1.7 வோல்ட் போகிறது. அது சுவிட்ச் வழியில் போவது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். பழைய வயர் ரிலேயை இயக்கினால் போதும். முடிந்ததும் சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.