முதியோர் இல்லத்தில் எழுத்து வகுப்பு: பத்து நிமிடத்தில் தலைவலி

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் 12 பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறோம். பத்தே நிமிடத்தில் தலைவலி என்று எழுந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கண்ணைக் கவனியுங்கள் அக்கா, அப்புறம்தான் அரிச்சுவடி. வெள்ளெழுத்துக்கு (வயதானால் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிவது) இந்த வயதில் பெரும்பாலும் +2.5 முதல் +3 வரை பவர் உள்ள கண்ணாடி தேவைப்படும். அதைப் போட்டும் மங்கினால் கண்புரையா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். கடற்காற்றில் கண்ணாடியில் உப்புப் படியும். அப்படியே துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்கணும்.

பதில்: அச்செழுத்தின் அளவு 20 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். வழவழப்பான தாள் கூசும். சன்னல் படிப்பவர்களின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். முதல் பாடம் அவரவர் பெயர். அடுத்து மாத்திரைக் கவரில் எழுத ‘காலை’, ‘இரவு’. இது அன்றைக்கே பயன்படும்.

பதில்: ன, ண இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், குழம்பிவிடும்.