மறுமொழி: 'லைவ் யூ.எஸ்.பி.'க்குத் தமிழ்ச்சொல் – நிறுவா இயக்கமும் வெள்ளோட்டமும்

அன்பர்களுக்கு வணக்கம். கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டுவதுதான் 'லைவ் யூ.எஸ்.பி.'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் வந்த கருத்துகளை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

> 'நேரலை இயங்குதளம்' என்றே வைப்போம். லைவ் என்றால் நேரலைதானே?

மேட்டூர் அணை திறப்பைத் தொலைக்காட்சியில் காட்டினால் அது நேரலை. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் எழும்புவதில் ஒளிபரப்பு எங்கே இருக்கிறது? வன்தட்டில் நிறுவாமலே ஓடுகிறது, எழுத வேண்டியதை ரேமில் எழுதிக்கொள்கிறது. 2000-இல் க்னாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் வகை குறுந்தகடாக வந்தபோதும் சங்கதி இதுதான். எனவே 'நிறுவா இயக்கம்'. செல்லாக்காசு, வாடாமல்லி வரிசையில் இதுவும் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் இழை தொடங்கியது வேறொன்றுக்காக. பணம் கொடுக்கும் முன் அந்தப் பென்டிரைவைச் செருகி மடிக்கணினியைச் சோதிக்கிறோமே, அந்தச் செயலுக்கு என்ன பெயர்?

> செவ்வாய்ப்பேட்டைக்காரன் (சேலத்தின் வெள்ளி வேலைப் பகுதி) சொல்கிறேன், 'உரைகல்'.

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் உரைகல் பொன்னின் மாற்று எவ்வளவு என்று சொல்லும். திறனை அளந்து ஒப்பிடும் பெஞ்ச்மார்க்குக்கு எடுத்துவைத்துக்கொள்வோம். இங்கே நமக்கு வேண்டியது ஓடுகிறதா, ஓடவில்லையா என்பது மட்டும். அருகலை (வைஃபை) சில்லு விண்டோஸில் தெரியும், லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் ஊமையாக நிற்கும். மூடியைச் சாத்தித் திறந்தால் திரை வராது. மைக் எடுக்காது. இதெல்லாம் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரச்சீட்டில் இருக்காது.

தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். வினையாகவும் வளையும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் "வெள்ளோட்டம் விட்டுப் பாத்துட்டு வாங்கிக்கறேங்க" என்றேன். கடைக்காரர் விளக்கம் கேட்கவில்லை. "உள்ள இருக்கற விண்டோஸ் போயிடாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். 'இன்ஸ்டால்' பொத்தானை அமுக்காத வரை போகாது என்றதும் பென்டிரைவிலிருந்து துவக்க எஃப்12-ஐ அவரே தட்டினார். (செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு சில பென்டிரைவ்களை மறிக்கும், அது தனிக் கதை.)

வெள்ளோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரம். எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்று அதில் பதிவாகியிருக்கும். புதிது என்று தரும் பெட்டியில் அது நூற்றுக்கணக்கில் நின்றால், கடையில் காட்சிக்கு வைத்த கணினியோ என்று கேட்கலாம். அடுத்து மின்கலம்: வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் முழுச் சுற்று முடிய நேரம் பிடிக்கும், கடையில் நடக்காது.

> பீட்டா (சோதனைப்) பதிப்பையும் வெள்ளோட்டம் என்கிறார்களே, குழம்பாதா?

ஆவணத்தில் 'வன்பொருள் வெள்ளோட்டம்' என்று முழுதாக எழுதுவோம். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

திரையில் எரியாமல் நிற்கும் 'டெட் பிக்சல்'க்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. 'உயிரிழந்த படவணு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. என் ஓட்டு 'செத்த புள்ளி'க்கு.

அன்புடன்,
சேலத்திலிருந்து