புதுப்பிப்பு: பிணைத்த லைபேஸ் இப்போது வேலை செய்கிறது

எண்ணெயைச் சிதைக்கும் லைபேஸ் நொதியை அம்மோனியம் சல்பேட் என்ற உப்பால் வீழ்படிவாக்கி (கரைசலிலிருந்து திடமாகப் பிரித்து), குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்தால் திரள் வருகிறது, செயல்திறன்தான் போய்விடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. ஓரளவு வழி பிறந்துவிட்டது.

முதலில், பிணைக்காத வீழ்படிவை மறுபடி பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசலில்) கரைத்துப் பார்த்தேன். செயல்திறன் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பியது. ஆக, உப்பின் மேல் குற்றமில்லை, பிணைப்பில்தான் சிக்கல். குளூட்டரால்டிஹைடு சின்ன மூலக்கூறு. நொதியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதிகளைத் தேடிக்கொண்டு உள்ளே வரை புகுந்து, அதன் வேலையைக் கெடுத்துவிடும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ரோஜர் ஷெல்டன் குழு, நைட்ரிலேஸ் என்ற வேறொரு நொதியில் இதே தொல்லையைச் சந்தித்து, ஆக்சிஜனேற்றிய டெக்ஸ்ட்ரானுக்கு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) மாறியது. அது பெரிய மூலக்கூறு, உள்ளே நுழையாது.

நானும் அதற்கே மாறினேன். அப்புறம், இங்கே ஒருவர் சொன்னபடி மாட்டு சீரம் ஆல்புமினும் (மாட்டு இரத்தத்தில் உள்ள, லைசின் நிறைந்த புரதம்) கொஞ்சம் சேர்த்தேன். லைசின் குறைவான நொதிக்கு அது பிணைய இடம் கொடுக்கிறது. இப்போது திரள் கரைந்து போவதில்லை, சூட்டையும் முன்பைவிட நன்றாகத் தாங்குகிறது.

1964இல் குயோச்சோ, ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற நொதியின் படிகங்களையே குளூட்டரால்டிஹைடால் பிணைத்தார்கள். படிகம் வளர்க்கும் பொறுமை எனக்கில்லை!

ஒன்று மட்டும் பாக்கி. சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுற்றினால் திரள் அப்பிக்கொள்கிறது, உள்ளிருக்கும் நொதிக்கு எண்ணெய் எட்டுவதில்லை. அடுத்து வடிகட்டிப் பார்க்கப்போகிறேன்.