மரப்பு: இற்றை பாதியில் நின்ற இசைக்கருவிக்கு ஒரு சொல்

மார்த்தாண்டத்திலிருந்து, பழுதுபார்ப்பவர்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கீபோர்டு, டிரம் பேட், எஃபெக்ட்ஸ் பெடல் பழுதுபார்க்கக் கற்கும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. நிலைபொருள் (கருவிக்குள் பதிந்து ஓடும் நிரல், ஃபர்ம்வேர்), இற்றை (அதைப் புதுப்பிப்பது, அப்டேட்) இரண்டும் பழகிவிட்டன. இற்றை பாதியில் நின்று கருவி எழும்பாமல் கிடக்கும் நிலைக்கு என்ன பெயர் என்பதில்தான் வேலை முட்டி நிற்கிறது. கடையில் எல்லாருக்கும் அது 'டெட்'. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை போனாலும் அதே 'டெட்'தான்.

அந்தச் சொல்லோடு எனக்குள்ள வழக்கு இது. அடாப்டர் எரிந்தாலும் டெட், டிஸ்பிளே ரிப்பன் கழன்றாலும் டெட், இற்றை கெட்டாலும் டெட். ஜாப் கார்டில் 'டெட்' என்று பார்த்ததும் பையன் ஹாட் ஏர் கன்னை எடுத்துவிடுகிறான். இரண்டு பட்டனை அமுக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டிருந்தால் எழும்பியிருக்கும் கருவி, சூடு பட்டு உண்மையிலேயே செத்துப்போகிறது.

என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்து வரட்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். கீபோர்டுகளில் பரவலாகக் காணும் 25 வரிசை எட்டுக்கால் சிப்பில் 4 கிலோபைட் துண்டாகவோ 64 கிலோபைட் கட்டமாகவோ அழியும். அழிந்த இடம் முழுக்க எஃப்எஃப் (எல்லாப் பிட்டும் 1) என்று இருக்கும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் கரண்ட் போனால் நிரலின் நடுவே ஒரு வெற்றிடம். பிராசஸர் அதுவரை ஓடிவந்து அங்கே நின்றுவிடும். 'லோகோவுல நிக்குது' என்று வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கரண்ட் போவது மட்டும் காரணமில்லை. கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கும்போது பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1 ஒட்டிக்கொள்ளும், கருவி அதைக் கண்டுகொள்ளாது. இதனால் கருவி கெடாது, ஆனால் பதறிப்போய்ப் பக்கத்து மாடலின் கோப்பைப் போடுவார்கள், அதில் கெடும். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் கோப்பமைப்பில் இருக்கும். கருவி கேட்பது பெரும்பாலும் ஃபேட்32. இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது: ஐப்பசியில் துலாவர்ஷ இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும், கரண்ட் போகும். அந்த மாதத்தில் இற்றை வேலையைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

சொல் வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்து எதைத் தொட வேண்டும் என்று பையனுக்குத் தெரிய வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, தமிழாசிரியர்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் இதைச் செங்கல் (பிரிக்) என்கிறார்கள் என்பதால் 'செங்கல்லாதல்', 'கல்லாதல்' இரண்டும் ஏற்கெனவே இணையத்தில் உலவலாம். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். கையில் அடங்கும் போனைச் செங்கல் என்றால் உருவமாவது ஒத்துவரும். 61 கட்டைக் கீபோர்டுக்கு அந்தப் படிமம் ஒட்டவில்லை. 'கல்லாதல்' அதைவிட மோசம். 'கல்லாத கருவி' என்றால் படிக்காத கருவி என்றுதான் எவரும் வாசிப்பார்கள்.

'முடக்கம்' பொருந்துகிறது, ஆனால் கணக்கு முடக்கம், சேவை முடக்கம் என்று அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே நிறுத்தியதுபோல் ஒலிக்கிறது. 'மூர்ச்சை' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். மயங்கியவர் எழுவார் என்ற பொருள் அதில் இருப்பது நல்லதுதான். ஆனால் இசைக்காரர் கையில் போகும் ஏட்டில் மூர்ச்சனை என்ற சொல் வேறு அர்த்தத்தில் வரும். வினையாக்கினால் இரண்டும் குழம்பும்.

எங்கள் பக்கம் மலையாளத்தின் சேர்க்கையால் 'கேடாயிருச்சு' என்பார்கள். மிக்ஸி முதல் மோட்டார் வரை எல்லாம் கேடாகும். டெட்டுக்கு என்ன குறையோ அதே குறை இதற்கும்.

செங்கோட்டைத் தம்பி சிப்புக்குள் எழுதுகிறவர். ஒரே நிலையா, பல நிலையா என்று அவர் சொன்னால் நல்லது.

செங்கோட்டையிலிருந்து, நிரலர்

ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் வணக்கம்.

ஒரே நிலை இல்லை. எது மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு. சுவிட்ச் போட்டதும் முதலில் ஓடிப் பிரதான நிரலை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடரை இந்த மடலில் 'எழுப்பி' என்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

பெரும்பாலான கருவிகளில் எழுப்பி தனிப் பகுதியில் இருக்கும், இற்றை அதைத் தொடாது. பிரதான நிரல் பாதி அழிந்தாலும் எழுப்பி ஓடும். பட்டன் சேர்க்கையை அமுக்கிக்கொண்டு சுவிட்ச் போட்டால் திரையில் எழுத்து வரும், இல்லை எல்இடி ஏதாவது ஒரு தாளத்தில் மின்னும். சரியான கோப்பை மறுபடி கொடுத்தால் வேலை முடிந்தது. மூடியைத் திறக்கவே வேண்டாம்.

எழுப்பியும் போனால் அடுத்தது சிப் தயாரித்தவர்களே உள்ளே பதித்து அனுப்பும் எழுப்பி. அதை அழிக்க முடியாது. 'பிறவி எழுப்பி' என்று சொல்லலாம். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப் போட்ட கருவியில் பூட்0 காலை 3.3 வோல்ட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரீசெட் கொடுத்தால் அது எழும். அதே வகைச் சிப் உள்ள டெய்சி சீட் பலகையில் இதற்கென்றே பட்டன் உண்டு: பூட் பட்டனை அமுக்கிப் பிடித்து, ரீசெட்டைத் தட்டி, பூட் பட்டனை விட வேண்டும். யுஎஸ்பி-யில் டிஎஃப்யூ வழி (நிலைபொருளை எழுதும் பாதை) திறந்திருந்தால் லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளைக்கு 0483:டிஎஃப்11 என்று பதில் வரும். அது வந்தால் சிப்புக்கு உயிர் இருக்கிறது. டிஎஃப்யூ-யூட்டில் என்ற மென்பொருள் கொண்டு பதினறும முகவரி 08000000 முதல் எழுதலாம். ஒன்றைக் கவனிக்கணும்: எழுப்பி இல்லாத வெறும் இற்றைக் கோப்பை அந்த முகவரியில் எழுதினால், அரைகுறையாக எழுப்பி பிழைத்திருந்தாலும் அதையும் நாமே அழித்ததாகிவிடும். எழுப்பியும் சேர்ந்த முழுப் பிம்பம் கையில் இருந்தால்தான் அந்த முகவரி.

சிப்பில் உள்ளதை வெளியே படிக்க விடாமல் தடுக்கும் வாசிப்புப் பூட்டு விஷயத்திலும் அவசரம் கூடாது. முதல் நிலைப் பூட்டு போட்ட எஸ்டிஎம்32-இல் பூட்டை எடுத்தால் உள்ளே உள்ள ஃபிளாஷ் முழுக்க அழியும்; அளவுத்திருத்த (கேலிபரேஷன்) எண்கள் அங்கே இருந்தால் அவையும் போகும். இரண்டாம் நிலைப் பூட்டென்றால் பிறவி எழுப்பியும் வராது, அந்தப் பூட்டை எடுக்கவும் பெரும்பாலான சிப்புகளில் வழி இல்லை.

சொல்லுக்கு என் பரிந்துரை 'மரப்பு'. கையை மடித்துப் படுத்தால் மரத்துப்போகிறதே, அந்த மரப்பு. கை அங்கேதான் இருக்கிறது, ரத்தமும் ஓடுகிறது, சொன்னதை மட்டும் கேட்காது. எழுப்பி உயிரோடு இருந்தால் மேல்மரப்பு, அதுவும் போயிருந்தால் முழுமரப்பு. 3.3 வோல்ட் பாதையில் மின்னழுத்தமே இல்லையென்றால், அல்லது சிப் தொட முடியாமல் சுடுகிறதென்றால், அது மரப்பே இல்லை. அதற்கு 'டெட்'டையே விட்டுவிடலாம். நல்ல சொல், தமிழாகியும் விட்டது.

மார்த்தாண்டத்திலிருந்து

மரப்பு எனக்குப் பிடித்திருக்கு. மேல், முழு என்ற பிரிவு ஜாப் கார்டில் ஒரே டிக்கில் முடியும். மல்டிமீட்டரை முதல் வரியில் வைக்கிறேன்: அடாப்டர் வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மூன்றும் சரியாக இருந்தால்தான் மரப்பு என்று எழுத அனுமதி. அடாப்டர் முனையையும் பார்க்க வேண்டும். யமஹா கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரில் நடுமுனை பிளஸ், பாஸ் பெடலின் 9 வோல்ட்டில் நடுமுனை மைனஸ். கானமேளா மேடைப் பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கும்.

மேல்மரப்பில் பையன்கள் சறுக்கும் இடம் மிடி (இசைக்கருவிகள் தமக்குள் தரவு அனுப்பும் இணைப்பு) வழி இற்றை. ஐந்துமுனை மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுப் பிட்டுகளும் சேர்ந்து 10 பிட் ஆவதால் நொடிக்கு 3,125 பைட். இற்றைத் தரவைச் சுமக்கும் மிடிச் செய்தியான சிஸ்எக்ஸில் ஒரு பைட்டுக்கு 7 பிட்தான் தரவு. ஏழு பைட்டை எட்டாகக் கட்டி அனுப்பினால் 512 கிலோபைட் நிலைபொருள் ஏறத்தாழ 5,99,000 பைட் ஆகும். இடைவெளி விடாமல் ஓட்டினாலும் 192 நொடி. கணினியில் 20 நொடியில் 'அனுப்பியாச்சு' என்று வந்தால் நம்பக்கூடாது. மலிவான யுஎஸ்பி-மிடி கேபிளில் இடைநினைவகம் சின்னது. நீளமான சிஸ்எக்ஸில் நிரம்பி வழிந்து பைட்டுகள் தொலையும். நோட்டு வாசித்தால் அதே கேபிள் ஒழுங்காக வேலை செய்யும், அதனால் அதன்மேல் சந்தேகமே வராது. அனுப்பும் மென்பொருளில் இடைநினைவக அளவைக் குறைத்து, துண்டுகளுக்கு இடையே தாமதத்தைக் கூட்டினால் சில கேபிள் தேறும். தேறாததை இற்றை மேஜையிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

ஒலிக்கோப்பாக இற்றை வாங்கும் கருவிகளும் உண்டு. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பல சின்த் மாடியூல்களில் டபிள்யூஏவி கோப்பை வாசித்துத்தான் ஏற்ற வேண்டும். எம்பி3 ஆக்கினால் கெடும், புளூடூத் வழி போனால் கெடும், நடுவில் வாட்ஸ்அப் 'டிங்' என்றாலும் கெடும். ஒலியளவைச் சற்று மாற்றி முதலிலிருந்து வாசித்தால் போதும். எழுப்பி அப்படியே இருப்பதால் அது மேல்மரப்பைத் தாண்டாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தம்பியின் மரப்பில் ஒரு எழுத்துச் சிக்கல் இருக்கிறது. ஒற்றை விட்டால் மரபு. இசைக் கையேட்டில் 'மரபுக் கருவி' என்றால் நாதசுரமும் மிருதங்கமும். 'மரப்புக் கருவி' என்று அச்சில் வந்தால் பிழைதிருத்துபவர் கண்ணை மூடிக்கொண்டு ப்-ஐ எடுத்துவிடுவார். அதனால் பெயரடையாக வரும்போது 'மரத்த கருவி' என்று மட்டுமே எழுத வேண்டும், வினையில் 'மரத்துவிட்டது'. மரப்பு தனிப்பெயராக நிற்கும்போது தொல்லை இல்லை.

சரிசெய்வதற்கு 'மீட்டல்' என்று ஒரு வரைவில் கண்டேன். வீணையை மீட்டுவதோடு மோதும், வேண்டாம். 'மரப்பு நீக்கம்' நீளமென்றாலும் தெளிவு. பேச்சில் 'தெளிய வைத்தல்' என்று சொல்லிக்கொள்ளலாம், தடையில்லை.

'எழுப்பி'க்கு நான் முழு ஆதரவு. 'தொடக்க ஏற்றி' என்று இதுவரை எழுதியவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். ஏற்றுகிற வேலை அதற்கு இருந்தாலும், பழுதுபார்ப்பவர் அதைத் தேடிப்போவது எழுப்பத்தான்.

பதிவுக்கான வரைவு: மரப்பு – நிலைபொருள் எழுத்து முற்றுப்பெறாமையால், மின்வழங்கல் சரியாக இருந்தும் கருவி இயங்காத, திரும்ப எழுதிச் சரிசெய்யத்தக்க நிலை. எழுப்பி எஞ்சியது மேல்மரப்பு; எஞ்சாதது முழுமரப்பு.

செங்கோட்டையிலிருந்து

வரைவு சரி. 'முற்றுப்பெறாமையால்' என்பதோடு 'அல்லது பிழையாக எழுதப்பட்டதால்' என்று சேருங்கள் ஐயா, இல்லையென்றால் மாடல் மாறிய கோப்பு வெளியே நிற்கும்.

முழுமரப்புப் பக்கத்தில் சேர்க்க: பிறவி எழுப்பி வராத பலகைகளில் எட்டுக்கால் ஃபிளாஷின் கால்களைக் கடிக்கும் கிளிப்பை மாட்டி வெளியிலிருந்து எழுத வேண்டும். 1-ஆம் கால் சிப் தேர்வு, 4 எர்த், 8 மின்வழங்கல். கிளிப்பின் சிவப்பு வயர் 1-ஆம் கால் பக்கம். கருவியின் அடாப்டரைக் கழற்றியிருக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். எல்லாமே எஃப்எஃப் என்றோ 00 என்றோ வந்தால் சிப் காலி என்று முடிவுகட்ட வேண்டாம், பெரும்பாலும் கிளிப் ஒழுங்காகக் கடிக்கவில்லை. கடித்தும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி வந்தால் பிராசஸரும் அதே கம்பிகளில் பேசிக்கொண்டிருக்கிறது. அதை ரீசெட்டில் பிடித்து வைக்க வேண்டும், முடியாவிட்டால் சிப்பைக் கழற்றிப் படிக்க வேண்டும்.

நல்ல கருவியின் பிரதியை அப்படியே இதில் எழுதினால் வரிசை எண்ணும் கட்டைகளின் தொடுதிறன் திருத்தமும் அந்தக் கருவியுடையதாக மாறிப்போகக்கூடும். கெட்ட சிப்பின் முதல் படிப்பைப் பத்திரப்படுத்தி, நிரல் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். எழுதியதும் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் கிளிப்பை எடுக்கணும்.

ஃபிளாஷ் எழுதக் கடைகளில் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ பலகை மின்வழங்கலை 3.3 வோல்ட்டாகக் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட்டை விடும். அதைத் திருத்தாமல் மாட்டக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் அண்ணாச்சி. 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் அடாப்டர் பலகை தனியாக வேண்டும். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணை முழுசாகப் படித்துத் தரவுத்தாளைப் பார்த்தால்தான் எது எந்த வோல்ட் என்று தெரியும். டபிள்யூ25க்யூ64 என்ற அளவோடு நிறுத்தினால் தெரியாது, அதை அடுத்து வரும் இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம்.