முதியோர் இல்லத்தில் நீங்கள் சந்தித்த செவிலியர்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தறிவீட்டுப் பிள்ளை, சென்னிமலை

அப்பாவுக்கு மறதி நோய். பெருந்துறைப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். பொழுது சாய்ந்தால் என்ன ஆகும் என்று இந்த நோயைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பாவு நூல் அப்படியே கிடக்கிறது, என்னை விடுங்கள்" என்று கதவை இடிப்பார். ஆயாக்கள் பிடித்து உட்கார வைப்பார்கள், மறுபடி எழுவார்.

அன்று ஒரு செவிலியர் வந்தார். போர்வை ஓரத்து இழை ஒன்றை என் கண்ணெதிரே படக்கென்று அறுத்தார். "அப்புச்சி, இழை அறுந்துவிட்டது. எனக்கு முடியத் தெரியவில்லை" என்று நீட்டினார். அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் ஒரு முறுக்கு முறுக்கின, முடிச்சு விழுந்துவிட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகத் தடுமாறுகிற அதே விரல்கள்! "இழுத்துப் பார் அம்மணி, வராது" என்றார். அதன்பிறகு கதவுப் பக்கமே போகவில்லை.

அவர் தறிக்காரர் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்றுதான் எழுதியிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? கேட்கலாம் என்று போனபோது அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

கோபி மருமகள்

நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது ஏமாற்றுதானே? நோயாளி என்பதற்காகப் பொய் சொல்லலாமா?

என் அத்தை விடிகாலையில் எழுந்து "பால் கறக்கணும், சொசைட்டி வண்டி போய்விடும்" என்று கட்டிலை விட்டு இறங்குவார். ஓர் ஆயா, "மாட்டை எல்லாம் விற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அத்தை அன்றுதான் விற்றதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. பிறகு பணிக்கு வந்த செவிலியர் உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "எந்த மாடு அத்தை நிறையக் கறக்கும்?" என்று கேட்டார். மயிலை, செவலை, உதைக்கிற காரி என்று அத்தை ஆரம்பித்தார். காரி உதைத்துத் தெறித்த செம்பு எங்கே போய் விழுந்தது என்பதுவரை சொன்னார். காபி வந்தது, குடித்தார். இப்படியும் செய்யலாம் அல்லவா?

தறிவீட்டுப் பிள்ளை, சென்னிமலை

இதில் பொய் எங்கே இருக்கிறது? இழை நிஜமாகவே அறுந்திருந்தது. அறுத்தவர் அவர், அவ்வளவுதான்.

இரவுப்பணி

நான் பொள்ளாச்சிப் பக்கம் இதே வேலை பார்க்கிறவள். இரண்டும் நல்ல வழிதான், சண்டை வேண்டாம். எங்களை தெய்வம் என்று எழுதுகிறவர்கள், ராத்திரியில் இல்லத்தின் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று நிர்வாகத்திடம் ஒருமுறை கேளுங்கள். அது போதும்.

எனக்கு உறுத்துவது ஒரு பெரியவர். தென்னந்தோப்புக்காரர். துணி மாற்றப் பெண் கை வைத்தால் உடம்பை இறுக்கிக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். ஆண் பணியாளர் இல்லாத இரவு. கால்மாட்டு விளக்கை மட்டும் விட்டுவிட்டு, போர்வையை இடுப்புவரை போர்த்தி, "ஐயா, பி.ஏ.பி. வாய்க்காலில் இந்தத் தடவை எந்த மண்டலத்துக்குத் தண்ணீர்?" என்று கேட்டேன். (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம். நிலங்களை மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள்.) அவ்வளவுதான். தலைமடைக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான், கடைமடைக்கு ஈரம்கூட வருவதில்லை என்று திட்ட ஆரம்பித்தார். நான் புரட்டி, துடைத்து, மாற்றி முடித்தேன். திட்டு முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் விட்ட செய்தியைப் படிக்கிறபோதெல்லாம் எந்த மண்டலம் என்று பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கோவை

என் மனைவி இருந்த இல்லத்தில் ஒரு செவிலியர் தினமும் கனகாம்பரம் வைத்துவிடுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் கதை சொல்கிறீர்கள், உபயோகமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, மூன்றையும் நீங்களே போர்வையை விலக்கிப் பாருங்கள். சிவந்திருந்தால் நன்றாக எண்ணெய் தேய்த்துவிடுங்கள். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. திடீரென்று குழப்பம் அதிகமானால் வயது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். புகார் இருந்தால் 14567, முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை. பெற்றோர் சொத்தை எழுதிக் கொடுக்கும்போது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்போது உறுதியாகக் கைகொடுக்கும், கோட்டாட்சியரிடம் போகலாம். இன்னும் காற்று மெத்தை பற்றி எழுத வேண்டும், இடம் போதவில்லை.

கோபி மருமகள்

ஐயா, கனகாம்பரம் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே.

இரவுப்பணி

எண்ணெய் மட்டும் வேண்டாம் ஐயா. விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் தோலும் உள்ளே திசுவும் அடிபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்தால் புண் சீக்கிரம் வரும். அந்தப் பக்கம் படுக்க விடாமல் வைத்து, செவிலியரிடம் காட்டுங்கள். காற்று மெத்தை போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். மற்றதெல்லாம் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள்.