மார்கழிக் குளிரில் பெரிய விரால்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணிக் கால்வாயால் நிறையும் எங்கள் ஊர்க் குளத்தில், மடையை ஒட்டிய தாமரை இலைகளுக்கு நடுவே மிகப் பெரிய விரால் ஒன்று ஐப்பசி முதல் தென்படுகிறது. விரால் காற்றையும் சுவாசிக்கும் மீனாதலால், அது மேலே வந்து மூச்செடுத்துத் திரும்பும்போது எழும் ‘களக்’ என்ற ஓசையும், ஒரு கணம் தெரியும் பாம்பு போன்ற தலையும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

மழை ஓய்ந்து குளிர் ஏறியபின், உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோத்துப் போட்டாலும் அது அருகில் வந்துவிட்டு விலகிப் போகிறது. ஒரே ஒருமுறை கவ்வியபோது நான் அவசரப்பட்டுச் சுண்டியதால், தங்கூசி (தூண்டில் நரம்பு) தாமரைத் தண்டில் சிக்கி அறுந்தது.

குஞ்சுகளைக் காத்துத் திரியும் விராலைப் பிடிக்க என் மனம் ஒப்பாது. இப்போது குஞ்சுகள் இல்லை என்பதால்தான் முயல்கிறேன். தவளைக்குப் பதில் கெண்டையை இரையாகக் கோக்கலாமா, வெயில் ஏறும்வரை காத்திருக்கலாமா, கவ்வியபின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.